முகப்பும் பின்கட்டும்: கட்சி இணையதளங்கள் பார்க்கும் தேர்தல் வேலை

2019 மார்ச் 5 அன்று பாரதிய ஜனதா கட்சியின் இணையதளம் முடங்கியது. யாரோ உள்ளே புகுந்து முகப்பை மாற்றிவிட்டதாக ஸ்கிரீன்ஷாட்டுகள் சுற்றின. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமும் போய், விரைவில் வருகிறோம் என்கிற பொருளில் ஓர் அறிவிப்பு மட்டும் மிஞ்சியது. ஐந்து நாள் கழித்து மக்களவைத் தேர்தல் தேதிகள் வந்தன. தளம் எழவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. திரும்பி வந்தபோதும் நிம்மதி இல்லை. ஆந்திராவில் இருக்கும் ஒரு சின்ன வடிவமைப்பு நிறுவனம், தாங்கள் இலவசமாகக் கொடுக்கும் டெம்ப்ளேட்டை எடுத்துக்கொண்டு தங்கள் பெயரை மட்டும் நீக்கிவிட்டார்கள் என்று புகார் சொன்னது. கணினி விஷயத்தில் மற்ற கட்சிகளுக்கெல்லாம் முன்னால் போய்விட்டதாகப் பேரெடுத்த கட்சிக்கு நேர்ந்த சங்கடம் இது. மே 23 அன்று வாக்கு எண்ணினார்கள். 303 இடங்கள்.

தேர்தல் சூடேறும் நேரத்தில் இரண்டு வாரம் தளமே இல்லாமல் ஒரு கட்சி இவ்வளவு பெரிதாக ஜெயிக்க முடியும் என்றால், கட்சிக்கு இணையதளம் எதற்கு? இதே கேள்வியை அமெரிக்காவில் ஒரு பிரச்சார மேலாளரிடம் கேட்டால் சிரிப்பார். அங்கே தளம் இரண்டு நாள் படுத்தால் வரவு நின்றுபோகும். இங்கே அப்படி ஒன்றும் நிற்காது. ஆனால் இரண்டு இடத்திலும் ஒன்று பொது. தலைவர் படம், வாழ்க்கை வரலாறு, கொள்கை விளக்கம், தேர்தல் அறிக்கை என்று நம் கண்ணில் படுவதெல்லாம் முகப்பு. காரியம் நடப்பது பின்கட்டில். வந்து பார்ப்பவரிடமிருந்து அங்கே என்ன வாங்கி வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் முகப்பின் அலங்காரமே அமைகிறது. அமெரிக்காவில் வாங்குவது பணம். இந்தியாவில் தொலைபேசி எண்.

டோல் விழுங்கிய புள்ளி

1996 அக்டோபர் 6. ஹார்ட்ஃபோர்டு நகரில் கிளிண்டனும் பாப் டோலும் மோதிய முதல் தொலைக்காட்சி விவாதம். நிறைவுரையில் டோல் இளைஞர்களை அழைத்துத் தன் இணையதள முகவரியைச் சொன்னார். அதிபர் வேட்பாளர்கள் விவாத மேடையில் அதுவரை யாரும் செய்யாத காரியம். 73 வயதுக்காரர், அவசரத்தில், முகவரியின் கடைசியில் இருக்கும் 'ஆர்க்' (org) என்பதற்கு முன்னால் வரும் புள்ளியை விட்டுவிட்டார். அப்படியிருந்தும் கூட்டம் முகவரியைக் கண்டுபிடித்து வந்து சேர்ந்தது, தளம் திணறிப்போனது. அதைக் கட்டியவர்கள் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்து மாணவர்கள்.

அன்றைக்கு அந்தத் தளத்தில் இருந்தவை பேச்சுகள், வாழ்க்கைக் குறிப்பு, அச்செடுத்து ஒட்டிக்கொள்ளச் சுவரொட்டிகள். தெருவில் கொடுக்கும் துண்டறிக்கையைத் திரையில் போட்டது போலத்தான். டோல் தோற்றார். அந்தக் காலத்தில் தளத்தால் வெற்றி வரும் என்று யாரும் நம்பவும் இல்லை. நாங்களும் புதுயுகத்தில் இருக்கிறோம் என்று காட்டிக்கொள்ள ஒன்று தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

இரண்டே ஆண்டில் வேறொரு பயன் தெரிந்தது. 1998இல் மினசோட்டா மாநில ஆளுநர் பதவிக்கு ஜெஸ்ஸி வென்சுரா நின்றார். முன்னாள் மல்யுத்த வீரர். குடியரசு, ஜனநாயகக் கட்சிகள் இரண்டிலும் சேராத மூன்றாவது கட்சியின் ஆள். பணமும் இல்லை, அலுவலகமும் சரியாக இல்லை. அவர் ஆட்கள் தளம் வழியாக மின்னஞ்சல் முகவரிகளைச் சேர்த்து வைத்திருந்தார்கள். கடைசி மூன்று நாள் மாநிலம் முழுக்க அவர் வண்டியில் சுற்றியபோது, எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வருகிறார் என்ற செய்தி அந்தப் பட்டியல் வழியாகப் போனது. 37 சதவீத வாக்கில் ஜெயித்துவிட்டார். அவர் தளத்தில் என்ன எழுதியிருந்தது என்று இன்று யாருக்கும் நினைவில்லை. பட்டியல்தான் பேசப்பட்டது.

அடுத்தது பணம். இதில் ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது; அதைச் சொல்லாமல் பின்னால் வந்தது புரியாது. அமெரிக்க உட்கட்சித் தேர்தல் கட்டத்தில், தனிநபர் கொடுக்கும் நன்கொடையில் முதல் 250 டாலர் வரைக்கும் ஈடான தொகையை அரசும் தரும் ஓர் ஏற்பாடு இருந்தது. ஆனால் கையெழுத்திட்ட காசோலை போன்ற எழுத்துச் சான்று வேண்டும். இணையத்தில் கடன் அட்டை வழியாகக் கொடுத்தால் இந்த ஈட்டுத்தொகை கிடையாது. பில் பிராட்லி என்ற வேட்பாளர் கேட்டதன்பேரில், 1999 ஜூனில் கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் அதை மாற்றியது. அட்டையில் வந்த 50 டாலரும் அன்றிலிருந்து 100 டாலர். 2000 பிப்ரவரி 1 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநில உட்கட்சித் தேர்தலில் ஜான் மெக்கெய்ன் யாரும் எதிர்பாராமல் ஜார்ஜ் புஷ்ஷைத் தோற்கடித்தார். அன்று இரவே அவர் தளத்தில் பணம் கொட்டத் தொடங்கியது. ஒரு வாரத்துக்குள் 20 லட்சம் டாலருக்கு மேல். அதுவரை ஒரு வெற்றியைப் பணமாக மாற்ற விருந்துகள் வைத்து, கடிதம் போட்டு, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இப்போது உற்சாகம் ஆறுவதற்குள் அட்டை எண்ணை வாங்கிவிடலாம்.

அதே புஷ் ஒரு வருடம் முன்பு இணையத்திடம் வேறு விதமாக மாட்டிக்கொண்டிருந்தார். அவர் பெயரைப் போலவே தோன்றும் முகவரியில் ஒருவர் கேலித்தளம் திறந்தார். எரிச்சலில் புஷ், சுதந்திரத்துக்கும் எல்லைகள் இருக்க வேண்டும் என்று சொல்லிவைக்க, தளத்தைவிட அந்த வாசகம் பிரபலமானது. ஆனாலும் பாடம் படிக்காதவர்கள் இருந்துகொண்டே இருந்தார்கள். 2015இல் அதிபர் வேட்பாளராகப் போட்டியில் இறங்கிய அவர் தம்பி ஜெப் புஷ்ஷின் பெயரில் இருந்த முகவரியைத் தட்டினால் டிரம்ப்பின் தளம் திறந்தது. அதே போட்டியில் இருந்த கார்லி ஃபியோரினாவின் பெயரில் இருந்த இன்னொன்றில், அவர் தலைமையில் இருந்தபோது ஹெச்பி நிறுவனத்தில் வேலை இழந்த 30,000 பேருக்கு ஒருவருக்கு ஒன்று வீதம் சோக முகங்கள் வரிசையாக நின்றன. சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

சாண்ட்விச் சாப்பிட்ட டாக்டர்

ஹோவர்டு டீன் மருத்துவர். வெர்மாண்ட் என்ற மிகச் சிறிய மாநிலத்தின் முன்னாள் ஆளுநர். 2003இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆவதற்கான போட்டியில் இறங்கியபோது தேசிய அளவில் அவரைத் தெரிந்தவர் குறைவு. அவர் பிரச்சாரக் குழு ஒரு காரியம் செய்தது: எவ்வளவு பணம் வந்தது, இலக்கு எவ்வளவு என்பதை மறைக்காமல் தளத்திலேயே காட்டியது. ஒரு பேஸ்பால் மட்டையின் படம். பணம் ஏற ஏற மட்டை நிறம் நிரம்பும். 2003 ஜூன் 30, காலாண்டுக் கணக்கு முடியும் நாள், மட்டையைப் பார்த்துக்கொண்டே ஜனங்கள் 8 லட்சம் டாலருக்கு மேல் கொட்டினார்கள். ஜூலையில், துணை அதிபர் டிக் சேனி தென் கரோலினாவில் தட்டுக்கு 2,000 டாலர் என்று நிதி விருந்து வைத்தார். அதே நேரத்தில் டீன் கணினி முன்னால் உட்கார்ந்து வான்கோழி சாண்ட்விச் தின்கிற காட்சியைத் தளத்தில் போட்டு, எங்களோடு சாப்பிட வாருங்கள் என்றார்கள். சேனியின் விருந்தைவிட அதிகமாக, ஏறத்தாழ 5 லட்சம் டாலர் சேர்ந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் 2004 ஜனவரியில், வேட்பாளர் தேர்வு முதலில் நடக்கும் ஐயோவா மாநிலத்தில் டீன் மூன்றாம் இடம்தான் வந்தார். இணையத்துப் பணத்தால் வாக்குச்சாவடிக்கு ஆளைக் கொண்டுவர முடியாது என்று அப்போது பலர் எழுதினார்கள். ஓரளவு உண்மை. ஆனால் அவர் குழுவில் இருந்த நாலு இளைஞர்கள் அந்த அனுபவத்தை வைத்து ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். நாலு வருடம் கழித்து பராக் ஒபாமாவின் தளத்துக்கு மென்பொருள் கொடுத்தது அந்த நிறுவனம்.

ஒபாமா தளத்தின் புகழை எல்லோரும் பாடிவிட்டார்கள்: 20 லட்சம் பேர் கணக்குத் தொடங்கியது, 2 லட்சம் கூட்டங்கள் அதன் வழியாக ஏற்பாடானது, 30 லட்சம் பேரிடமிருந்து இணையத்தில் வந்த 50 கோடி டாலர், 1.3 கோடி மின்னஞ்சல் முகவரிகள். இந்தப் பணம் வரும் என்ற தெம்பில்தான் அரசு தரும் 8.4 கோடி டாலர் தேர்தல் நிதியை அவர் வேண்டாம் என்றார். வாங்கினால் செலவுக்கு உச்சவரம்பு உண்டே. எதிராளி மெக்கெய்ன், இணைய நன்கொடையின் முதல் நாயகன், அதை வாங்கிக்கொண்டு கட்டுப்பட்டு நின்றார்.

எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுவது 2007 டிசம்பரில் நடந்த ஒரு சின்னச் சோதனை. முகப்புக்கு முன்னால் வரும் பக்கத்தில் மின்னஞ்சல் கொடுக்கச் சொல்லும் படிவம் இருந்தது. கூகுளில் இருந்து வந்த ஓர் இளைஞர் அதில் ஆறு வகைப் படம் அல்லது காணொலி, பொத்தானில் நாலு வகை வாசகம் என்று 24 விதமாகக் கலந்து, வருகிறவர்களுக்கு மாற்றி மாற்றிக் காட்டினார். பிரச்சாரக் குழுவுக்கு ரொம்பப் பிடித்தது காணொலிதான். முடிவு வந்தபோது எல்லாப் படங்களுக்கும் பின்னால் காணொலிகள் நின்றன. ஜெயித்தது குடும்பப் படமும், 'மேலும் அறிய' என்கிற சாதுவான பொத்தானும். பழைய படமும் 'பதிவு செய்க' என்ற பழைய பொத்தானும் இருந்த பக்கத்தில் படிவம் நிரப்பியவர்கள் 8.26 சதவீதம், புதிய பக்கத்தில் 11.6. இந்த வித்தியாசத்தால் மட்டும் கூடுதலாக 28 லட்சம் முகவரிகளும், அவற்றின் வழியாக 6 கோடி டாலரும் வந்ததாக அந்த இளைஞரே பின்னால் கணக்குக் காட்டினார். பெருமைக்காகக் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருந்தாலும் திசை தெளிவு.

'மேலும் அறிய' என்று அழுத்தினால் உண்மையில் நடப்பது உங்கள் முகவரி அவர்களிடம் போவது. அந்தப் பொத்தான் ஜெயித்ததிலிருந்து தேர்தல் தளத்தில் எது நல்லது என்று ரசனையோ கொள்கையோ தீர்மானிப்பதில்லை. எண்ணிக்கைதான். எண்ணிக்கை சொல்கிறது என்று போனால் எங்கே போய் நிற்பீர்கள் என்பதற்கு 2020 சாட்சி. டிரம்ப் தளத்தின் நன்கொடைப் படிவத்தில் ஒரு கட்டம் முன்கூட்டியே டிக் அடிக்கப்பட்டு வந்தது: இதே தொகையை மாதாமாதம் எடுத்துக்கொள்ளலாம் என்று. பிறகு அது வாராவாரம் ஆனது. கூடவே இன்னொரு கட்டம், இன்னொரு தொகை. கவனித்து டிக்கை எடுக்காதவர்களுக்கு, அதில் வயதானவர்கள் நிறைய, வங்கிக் கணக்கு கரைந்தது. அந்த ஆண்டில் டிரம்ப் பிரச்சாரமும் கட்சியும் சேர்ந்து திருப்பிக் கொடுத்த தொகை 12 கோடி டாலருக்கு மேல். திருப்பிக் கொடுத்துவிட்டார்களே என்று விட முடியாது. தேர்தலுக்கு முன் தேவைப்பட்ட பணம் தேர்தலுக்கு முன் கிடைத்தது. திரும்பப் போனதில் நிறைய தேர்தலுக்குப் பின். வட்டியில்லாத கடன். முன்கூட்டி டிக் போடுவதைத் தடை செய்யுங்கள் என்று 2021இல் அமெரிக்கக் கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு ஒருமனதாகப் பரிந்துரைத்தது.

யாரும் படிக்காத சிவப்புக் கட்டம்

அமெரிக்கத் தளங்களில் இன்னொரு மூலை இருக்கிறது. வாக்காளருக்குச் சம்பந்தமே இல்லாத மூலை.

2010இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, வேட்பாளரைச் சாராத தனிக் குழுக்கள் எவ்வளவு பணம் வேண்டுமானாலும் திரட்டிச் செலவழிக்கலாம் என்றானது. ஒரே நிபந்தனை, வேட்பாளரோடு பேசி வைத்துக்கொண்டு செய்யக் கூடாது. ஆனால் பொதுவில் கிடைக்கிற தகவலைப் பார்த்துச் செய்தால் அது பேசி வைத்ததாகாது. இணையதளத்தைவிடப் பொதுவான இடம் எது?

2014 மார்ச்சில் செனட்டர் மிட்ச் மெக்கானலின் பிரச்சாரம் இரண்டரை நிமிடக் காணொலி ஒன்றை வெளியிட்டது. பேச்சே இல்லை. மேசையில் உட்கார்ந்து கையெழுத்திடுகிறார், புன்னகைக்கிறார், மறுபடி புன்னகைக்கிறார். பார்த்தவர்கள் குழம்பினார்கள், அதற்கு விதவிதமான பாட்டுகளைப் பின்னணியில் ஒட்டிச் சிரித்தார்கள். அந்தக் காணொலி விளம்பரம் எடுக்கப்போகும் குழுக்களுக்கான கச்சாப்பொருள். தலைவரின் நல்ல காட்சிகளை எடுக்க அவர்கள் வேட்பாளரிடம் வரக் கூடாதல்லவா, அதனால் தளத்தில் வைத்துவிட்டார்கள்.

போகப் போக இது ஒரு முறையாகவே ஆயிற்று. வேட்பாளரின் தளத்தில் எங்காவது ஒரு பக்கத்தில் சிவப்புக் கோடு போட்ட கட்டம் இருக்கும். உள்ளே, 'இந்த வட்டாரத்து வாக்காளர்கள் இதைப் பார்க்க வேண்டும்' என்று இரண்டு வரி. 'பார்க்க' என்றால் தொலைக்காட்சி விளம்பரம் எடு என்று பொருள். 'படிக்க' என்றால் வீட்டுக்குத் தபாலில் அனுப்பு. 'போகிற வழியில்' என்றால் கைபேசி விளம்பரம். எதிராளியைத் தாக்க வேண்டிய விவரங்கள் ஆதாரத்தோடு பக்கத்தில் இருக்கும். சில நாளில் ஏதோ ஒரு குழு, கிட்டத்தட்ட அதே சொற்களில் விளம்பரம் விடும். சட்டப்படி யாரும் யாரோடும் பேசவில்லை. தளம் என்பது ஊரறிய இருக்கும் பலகை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஊரறிய எழுதி ஒருவர் மட்டும் புரிந்துகொள்ள வைக்கிற வித்தை இது.

இங்கே ஏன் அப்படி ஆகவில்லை

2009 மக்களவைத் தேர்தலில் எல்.கே. அத்வானி இந்த அமெரிக்கப் பாடத்தை இங்கே செய்துபார்த்தார். தன் பெயரில் தளம், வலைப்பூ, இணையத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் முகம் காட்டும் விளம்பரங்கள். பாஜக 116 இடங்களோடு நின்றது. அப்போது இணையம் வந்து சேராத வீடுகளே அதிகம் என்பது ஒரு காரணம். அது மட்டும் காரணமென்றால் கைபேசி பரவிய பிறகாவது இந்தியத் தளங்கள் அமெரிக்கத் தளங்களைப் போல ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

இரண்டு காரணங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. ஒன்று, காலம். அமெரிக்காவில் வேட்பாளர் ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஓடுகிறார். தளம் அவரோடு வளர்கிறது. 2021 தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலில் திமுக வேட்பாளர் பட்டியல் வந்தது மார்ச் 12. வாக்குப்பதிவு ஏப்ரல் 6. மூன்றரை வாரத்தில் வேட்பாளர் கூட்டணிக் கட்சிக்காரர்களைப் போய்ப் பார்ப்பாரா, வேட்புமனுவுக்குக் காகிதம் சேர்ப்பாரா, தளம் கட்டுவாரா? சீட்டு கிடைக்குமா என்று கடைசி நாள் வரைக்கும் தெரியாத ஒருவர் தன் பெயரில் முன்கூட்டியே தளம் திறந்தால் தலைமைக்கு அது வேறு மாதிரிப் படும். ஆகவே இங்கே தளம் கட்சிக்கும் தலைவருக்கும்தான். வேட்பாளருக்குக் கைபேசியும் வாட்ஸ்அப் குழுவும் போதும்.

இரண்டாவது காரணம் பெரியது. இந்தியக் கட்சிகளுக்குச் சில்லறை நன்கொடை தேவைப்படவில்லை. பெரிய பணம் வர வேறு கதவுகள் இருந்தன. 2018 முதல் 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்யும் வரைக்கும், கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் வங்கி வழியாகக் கட்சிக்குப் பணம் தரும் தேர்தல் பத்திரங்கள் அவற்றில் ஒன்று. கோடிகள் பத்திரமாக வரும்போது நூறு ரூபாய்க்குப் படிவம் அழகுபடுத்த யார் மெனக்கெடுவார்கள்? இதற்கு விலக்காக நின்றது ஆம் ஆத்மி. 2013 டெல்லித் தேர்தலுக்கு 20 கோடி ரூபாய் போதும் என்று இலக்கு வைத்து, யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைத் தளத்திலேயே பட்டியல் போட்டு, 20 கோடி சேர்ந்ததும் இனி அனுப்பாதீர்கள் என்று சொன்ன கட்சி. டீனின் பேஸ்பால் மட்டை டெல்லிக்கு வந்தது போல இருந்தது. 70இல் 28 இடம் பிடித்தார்கள். 2016இல் அந்தக் கொடையாளர் பட்டியல் தளத்திலிருந்து காணாமல் போனது. பெயர் வெளியே தெரிந்தவர்களுக்குத் தொல்லை வருகிறது என்பது கட்சி சொன்ன விளக்கம். தொல்லை வந்திருக்கலாம். ஆனாலும் அந்தப் பட்டியல்தான் மற்ற கட்சிகளிடமிருந்து அவர்களைப் பிரித்துக் காட்டியது.

எண் கொடுங்கள், வாக்காளர் அட்டை எண்ணும் கொடுங்கள்

பணம் வேண்டாம் என்றால் பின்கட்டில் சேர்ப்பது என்ன? ஆட்களை. இன்னும் சரியாகச் சொன்னால், ஆட்களைச் சென்றடையும் எண்களை. பாஜக 2014 நவம்பரில் மிஸ்டு கால் கொடுத்தால் உறுப்பினர் என்று ஆரம்பித்து, சில மாதங்களில் 10 கோடியைத் தாண்டிவிட்டதாக அறிவித்தது. இதற்குத் தளம்கூட வேண்டியதில்லை. 2019இல் தளம் விழுந்தபோது கட்சி ஏன் அசரவில்லை என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. ஒன்று சேர வேண்டிய எண்கள் முன்பே சேர்ந்தாகிவிட்டன.

2017 டிசம்பர் 31 அன்று ரஜினிகாந்த் அரசியலுக்கு வருகிறேன், 234 தொகுதியிலும் நிற்பேன் என்றார். மறுநாளே மன்றத்தின் பெயரில் இணையதளம் திறந்தது. கொள்கை எதுவும் அதில் இல்லை. பின்னால் சொல்வதாகச் சொல்லியிருந்தார். இருந்தது படிவம். பெயரோடு வாக்காளர் அடையாள அட்டை எண்ணையும் கேட்டது. ரசிகரா இல்லையா என்று தெரிந்துகொள்ள அட்டை எண் எதற்கு என்று கேட்கலாம். அந்த எண்ணைத் தேர்தல் ஆணையத்தின் தேடல் பக்கத்தில் போட்டால் தொகுதி, பாகம் எண், வரிசை எண், வாக்குச்சாவடி எல்லாம் வந்துவிடும். ஒரு சாவடியில் ஏறத்தாழ ஆயிரம் வாக்காளர். அதில் நம் ஆள் எத்தனை பேர், பூத் கமிட்டிக்கு யார் தேறுவார் என்று தெரிந்துவிடும். கிளைக் கழகம், வட்டம், ஒன்றியம் என்று பெரிய கட்சிகள் பல தலைமுறையாக நடந்து நடந்து எழுதிய கணக்கை, கட்சியே தொடங்காத ஒருவர் ஒரு படிவத்தில் எழுதப் பார்த்தார்.

கட்சி வரவே இல்லை. 2020 டிசம்பர் 29 அன்று உடல்நிலையைச் சொல்லி விலகினார்; 2021 ஜூலையில் மக்கள் மன்றமும் கலைந்து பழையபடி ரசிகர் மன்றம் ஆனது. நம்பி அட்டை எண் கொடுத்தவர்களின் விவரம் என்னவாயிற்று என்று கேட்க அப்போது தனியாக ஒரு சட்டம் கிடையாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 2023 ஆகஸ்டில்தான்.

அந்த நேரத்தில் இன்னொரு வகைப் படிவமும் ஓடிக்கொண்டிருந்தது. 2021 ஜனவரி கடைசியில் திருவண்ணாமலையில் 'உங்கள் தொகுதியில் ஸ்டாலின்' தொடங்கியது. மேடைக்குப் பக்கத்தில் பெட்டி. அதில் குறைகளை மனுவாகப் போடலாம். நேரில் வர முடியாதவர்கள் தளத்திலோ தொலைபேசியிலோ பதியலாம். பதிந்தவருக்கு ஓர் எண்ணோடு ரசீது. ஆட்சிக்கு வந்த 100 நாளில் தீர்ப்போம் என்பது வாக்குறுதி. மனு என்பது நம் ஊரில் கலெக்டர் அலுவலகத்துத் திங்கட்கிழமைக் கூட்டத்தால் பழகிப்போன வடிவம். அதைக் கட்சி எடுத்துக்கொண்டது கெட்டிக்காரத்தனம். மனு எழுதுகிறவர் தன் பெயர், முகவரி, எண் மட்டும் தருவதில்லை. தனக்கு எது வலிக்கிறது என்பதையும் தருகிறார். முதியோர் உதவித்தொகை வராதவர், பட்டா கிடைக்காதவர், தெருவில் தண்ணீர் வராதவர். இதைவிட நல்ல பட்டியலை எந்த அமெரிக்கப் பொத்தானும் சேர்த்துக் கொடுத்ததில்லை.

மே 7 அன்று முதலமைச்சராகப் பதவியேற்ற ஸ்டாலின் அன்றே போட்ட கையெழுத்துகளில் ஒன்று, இந்த மனுக்களுக்காகத் தனித்துறை அமைப்பது. ஐஏஎஸ் அதிகாரி பொறுப்பேற்றார். மனு போட்டவருக்கு இது நல்லதுதான். கட்சி வாங்கிய விண்ணப்பம் குப்பைக்குப் போகாமல் கோட்டைக்குப் போனது. ஆனால் கட்சியின் பட்டியல் அரசின் கோப்பாக ஆவதற்கு ஒரு கதவு திறந்தால், அரசின் கோப்பு கட்சியின் பட்டியலாக ஆவதற்கும் அதே கதவு போதும். அப்படி நடந்தது என்று சொல்லவில்லை. நடக்காமல் தடுப்பது எது என்று கேட்கிறேன்.

நீதிமன்றமும் பிறகு இதை ஒட்டிய கேள்வியைக் கேட்டது. 2025 ஜூலையில் திமுக 'ஓரணியில் தமிழ்நாடு' என்று வீடு வீடாக உறுப்பினர் சேர்த்தபோது, கைபேசிக்கு ஓடிபி அனுப்பி, அதை வாங்கிச் செயலியில் பதிந்தார்கள். வங்கி மோசடிக்குப் பயந்து ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று போலீஸே சொல்லிக்கொண்டிருக்கும் ஊரில், வாசலில் நிற்கும் கட்சிக்காரர் ஓடிபி கேட்கிறார். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஓடிபி வாங்க இடைக்காலத் தடை விதித்தது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. உறுப்பினர் சேர்க்கை ஓடிபி இல்லாமல் தொடர்ந்தது.

சட்டம் வற்புறுத்திய பக்கம்

இந்தியத் தேர்தல் ஆணையத்தின் பார்வை ரொம்ப நாளாக வேறு பக்கம் இருந்தது. 2013 அக்டோபர் 25 அன்று வந்த அறிவுறுத்தல்கள் இணைய விளம்பரத்துக்கு முன்அனுமதி வேண்டும், தளத்துக்கும் உள்ளடக்கம் தயாரிக்கவும் ஆட்களின் சம்பளத்துக்கும் செலவானதைத் தேர்தல் கணக்கில் காட்ட வேண்டும் என்றன. பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம் என்று உச்சவரம்பு உண்டு. கட்சிக்கு உச்சவரம்பே இல்லை. தளம் கட்சியுடையது. கணக்கு எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. செலவைப் பற்றிக் கேட்ட ஆணையம், தளம் மக்களிடமிருந்து என்ன வாங்குகிறது என்பதைக் கேட்கவில்லை.

தளம் மக்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது உச்ச நீதிமன்றம்தான். கட்சிகள் தாமாக வைக்கும் பக்கங்களை அவர்களே அழித்துக்கொள்ளலாம். பிரிட்டனின் கன்சர்வேடிவ் கட்சி 2013இல் பத்தாண்டு காலப் பேச்சுகளைத் தன் தளத்திலிருந்து தூக்கியதோடு, இணையக் காப்பகத்திலும் அவை தெரியாதபடி செய்தது நினைவிருக்கலாம். ஆனால் 2020 பிப்ரவரி 13 தீர்ப்பு கேட்டது வேறு மாதிரியான பக்கம். குற்ற வழக்கு நிலுவையில் உள்ளவரை வேட்பாளராக நிறுத்தினால், வழக்கின் விவரத்தையும், வழக்கில்லாத வேறொருவரை ஏன் நிறுத்த முடியவில்லை என்ற காரணத்தையும் கட்சி தன் தளத்தில் போட வேண்டும். ஜெயிப்பார் என்பது மட்டும் காரணமாகாது. படிவம் சி7 என்று பெயர். 72 மணி நேரத்தில் ஆணையத்துக்கும் அறிக்கை தர வேண்டும்.

அதே ஆண்டு நடந்த பீகார் தேர்தல் முதல் பரீட்சை. 2021 ஆகஸ்ட் 10 அன்று உச்ச நீதிமன்றம் கட்சிகள் பலவற்றை நீதிமன்ற அவமதிப்புக்குக் குற்றவாளிகள் என்றது. பாஜக, காங்கிரஸ் உள்ளிட்டவற்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம். உத்தரவை அறவே பின்பற்றாத மார்க்சிஸ்ட் கட்சிக்கும் தேசியவாத காங்கிரசுக்கும் ஐந்து லட்சம். இந்த விவரம் தளத்தின் முகப்பிலேயே, குற்றப் பின்னணி உள்ள வேட்பாளர்கள் என்ற தலைப்போடு தெரிய வேண்டும் என்றும் சொன்னது. முகப்பில் என்று நீதிபதிகள் அழுத்திச் சொல்ல வேண்டியிருந்ததைக் கவனியுங்கள். ஒரு பொத்தானின் வாசகத்துக்கு 24 விதச் சோதனை நடக்கிற இந்தத் தொழிலில், ஒரு பக்கத்தை யார் கண்ணிலும் படாமல் வைப்பதற்கும் அதே அறிவு போதும்.

வேட்பாளர்கள் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரத்தின் கதையும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. படிவம் 26, சொத்து, கடன், வழக்கு, படிப்பு, சமூக ஊடகக் கணக்குகள்கூட அதில் உண்டு. ஆணையத்தின் தளத்தில் எல்லாமே கிடைக்கும், ஸ்கேன் செய்த படமாக. கையெழுத்து சில இடத்தில் ஆணையருக்கே புரியுமா என்பது சந்தேகம். தேடினால் அகப்படாது, கூட்டிக் கழித்துப் பார்க்க முடியாது. 1999இல் அகமதாபாத் ஐஐஎம் பேராசிரியர்கள் தொடங்கிய ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் ஒவ்வொரு தேர்தலிலும் ஆட்களை உட்கார வைத்து அந்தப் படங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்து 'மைநேதா' தளத்தில் போடுகிறது. எத்தனை வேட்பாளர்கள் கோடீஸ்வரர்கள், எத்தனை பேர்மேல் கொலை முயற்சி வழக்கு என்று பத்திரிகைகளில் தேர்தலுக்கு முந்திய வாரம் வருகிற எண்கள் பெரும்பாலும் அங்கிருந்து வருபவை.